ராசாவுக்குக் குழி வெட்டியது யார்

கொட்டாஞ்சேனை, கொழும்பு
10.03.2024

என் உயிரினும் மேலான அக்காவுக்கு,

தம்பி நிரோஷன் நிறைந்த கண்களோடு எழுதுகிறேன். நீங்கள் நலமா? அப்பாவின் இடுப்பு வலி குறைந்ததா? போன வருடம் அவர் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் வழுக்கி விழுந்து படுத்த படுக்கையானதை நினைக்கும் போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அக்கா, என் நாவல் வெளிவந்துவிட்டது. பெயர் ‘பனிக்கோட்டை எழுவர்’. நான் வேலை செய்யும் பிரஸ்ஸின் முதலாளியே மனமிரங்கி அச்சடித்துக் கொடுத்தார். மாயக்கதை. பறக்கும் குதிரை, பேசும் மலை, பனிக்கட்டியால் கட்டிய கோட்டை எல்லாம் வரும். கோட்டைக்குள் சிறைப்பட்டிருக்கும் தந்தையான அரசரை மீட்க ஏழு இளவரசர்கள் புறப்படுகிறார்கள். எல்லோரும் பெரிய வீரர்கள், ஆனால் எல்லோருக்கும் பூ மாதிரி மனசு. மூத்தவன் வெண்கீரனை எழுதும்போது நானே தேம்பிவிட்டேன்.

முதல் பக்கத்தைப் பாருங்கள். ‘என்னைத் தாங்கிய என் அக்காவுக்கு’ என்று போட்டிருக்கிறேன். அந்த வரியை எழுத்துக் கோர்க்கும்போது கணினித் திரையே எனக்குத் தெரியவில்லை.

நான் போன் பண்ணினால் நீங்கள் ஏன் எடுப்பதில்லை? உங்கள் குரலைக் கேட்க ஏங்குகிறேன்.

என்றும் உங்கள் மடியில் தலை வைக்க விரும்பும் தம்பி,
நிரோஷன்


மேற்பிரிவு லயம், ராகலை
02.04.2024

தம்பி நிரோஷனுக்கு,

நான் சுகம். அப்பா சுகம் என்று எழுத முடியாது, இருக்கிறார். உன் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை என்று உன் எழுத்திலேயே தெரிகிறது.

போன் எடுக்காததற்குக் காரணம் கேட்டாய். போனில் நான் ஒரு காரியத்தைச் சொல்ல வருவேன். நீ அழுவாய். அப்புறம் உன்னைத் தேற்றுவதே எனக்கு வேலையாகிவிடும், சொல்ல வந்தது நின்றுவிடும். கடிதத்தில் நீ எவ்வளவு அழுதாலும் எனக்குக் கேட்காது. அதனால் இனிக் கடிதம்தான். அது தேயிலைத் தோட்ட ஆபீசில் கிடந்து கிடந்து வந்தாலும் பரவாயில்லை.

முதலில் காரியம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் இரண்டாம் தேதி போய்ச் சேர வேண்டும். தங்கிப் படிக்க வேண்டும். அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும், அதனால் இதுதான் கடைசி. நான் போனால் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க, புரட்டிப் படுக்க வைக்க, கழுவிவிட வீட்டில் ஆளில்லை. நீ வர வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் வந்து பொறுப்பெடுக்க வேண்டும். நன்றாகப் படித்துக்கொள், இந்தக் கடிதத்தில் இது ஒன்றுதான் முக்கியம்.

இனி உன் புத்தகம். வாசித்தேன். அப்பா கேட்டார் என்பதால் அவருக்கும் பின்னேரங்களில் சத்தமாக வாசிக்கிறேன். பாவம், என் தொண்டை. வெண்கீரன் வாள் உடைந்ததற்கு அழுகிறான். குதிரை நொண்டியதற்கு அழுகிறான். நிலா வந்ததற்கும் அழுகிறான். மற்ற ஆறு பேரும் அவனைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். ஒவ்வோர் ஆற்றங்கரையிலும் ஓர் அழுகை. கடைசியில் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தால் ராசா அதற்கு முதல் நாள்தான் செத்திருக்கிறார். வழியில் நின்று நின்று அழாமல் போயிருந்தால் அந்த மனிதன் உயிரோடு கிடைத்திருப்பான். இது உனக்கு உறைக்கவே இல்லையா?

அப்பாவுக்கு இன்னும் கடைசி வரை வாசிக்கவில்லை. மூன்றாவது ஆற்றில் இருக்கிறோம். நேற்று அவர் கேட்டார்: “ஏன்டி, அந்தப் பயலுக எதுக்கு இன்னும் அங்கயே நிக்கிறானுக? வெரசா போகச் சொல்லு.”

இப்படிக்கு,
ஜீவராணி


கொட்டாஞ்சேனை
20.04.2024

அன்பான அக்காவுக்கு,

நலமறிய ஆவல். உங்கள் கடிதத்தைப் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்தேன். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். மெஷின் ஓட்டும் டினேஷ்தான் பிடித்து உட்கார வைத்தான்.

நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இங்கே வாசித்தவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ‘அழத் தெரிந்த நாயகர்கள்’ என்று ஒருவர் முகநூலில் எழுதியிருக்கிறார். ஆம்பிளை அழக்கூடாது என்று சொல்லிச் சொல்லித்தானே நம் லயத்து வரிசை வீடுகளில் ஆண்கள் எல்லாவற்றையும் சாராயத்தில் கரைத்தார்கள்? அப்பா ஒரு நாளாவது நம் முன்னால் அழுதிருக்கிறாரா? அதை உடைக்கத்தான் நான் எழுதினேன். அதைப் போய்க் கேலி செய்கிறீர்களே.

கல்லூரி கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. என் அக்கா டீச்சர். நினைத்தாலே கண் கலங்குகிறது. செப்டம்பர் வர இன்னும் நாள் இருக்கிறதே, பார்ப்போம். இப்போது இரண்டாம் பாகம் மனதில் ஊறிக்கொண்டிருக்கிறது. அப்பாவை அந்த நிலையில் பார்க்கிற தைரியம் எனக்கு வர வேண்டும். என் மனசு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

நொந்த நெஞ்சோடு,
நிரோஷன்


மேற்பிரிவு லயம்
15.05.2024

நிரோஷனுக்கு,

இங்கே ஒரு மாதமாக மழை. அப்பாவுக்கு முதுகில் புண் வந்திருக்கிறது. எனக்குச் சளி. நீ சுவரில் சாய்ந்த இடம் இப்போது சுகமா?

ஆம்பிளை அழக்கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? தாராளமாக அழு. அழுதுகொண்டே தண்ணீர் தூக்கு, அழுதுகொண்டே விறகு பிள. உன் ஆட்கள் அழும்போது கையில் ஒரு வேலையும் இல்லையே, அதைத்தான் சொன்னேன். ஏழு பேருக்கும் கஞ்சி காய்ச்சுவதும் கண் துடைக்கத் துணி கொண்டு வருவதும் ஒரு பெண். அவளுக்கு நீ ஒரு பெயர்கூட வைக்கவில்லை. புத்தகம் முழுக்க ‘தமக்கை’, ‘தமக்கை’ என்றே வருகிறாள். அவள் யார் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

போன கிழமை செல்லசாமி மாமா தவறிவிட்டார். இங்கே சாவு விழுந்தால் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. வீட்டுக்கு ஓர் ஆம்பிளை மம்பட்டியோடு போய்க் குழி வெட்ட வேண்டும். வராத வீட்டில் நாளைக்கு ஒன்று நடந்தால் யாரும் வரமாட்டார்கள். தோட்டத் தலைவர் லயத்தில் ஒவ்வொரு வீட்டுக் காம்பராவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நம் வாசலில் நிற்காமல் தாண்டப் போனார். படுத்திருக்கிற மனிதனைக் கூப்பிட முடியாது என்ற இரக்கம்தான். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. மம்பட்டியை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன்.

“பொம்பள குழி வெட்ட வரக்கூடாதும்மா” என்றார் தலைவர்.

“வீட்டுக்கு ஒரு ஆளுன்னுதானே சொன்னீங்க? எங்க வீட்டு ஆளு நாந்தான்.”

“தம்பி கொழும்புலதானே இருக்கான்?”

“அவன் அங்க ஒரு ராசா செத்ததுக்கு அழுதுகிட்டு இருக்கான்” என்றேன்.

சாவு வீடென்றும் பார்க்காமல் ரெண்டு மூணு பேர் சிரித்துவிட்டார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நானும் வெட்டினேன். களிமண், மம்பட்டியில் ஒட்டிக்கொண்டு விடாது.

வெட்டும்போது உன் புத்தகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. உன் ராசா செத்துக் கிடக்கிறார். ஏழு பேரும் விழுந்து புரண்டு அழுகிறார்கள், பனிமலையே உருகுகிறது, பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அடுத்த அத்தியாயத்தில் அவரை அடக்கம் செய்தாகிவிட்டது. குழி வெட்டியது யார்? திரும்பத் திரும்பப் பார்த்தேன், நீ எழுதவே இல்லை.

செப்டம்பருக்கு உன் பதில் ‘பார்ப்போம்’ இல்லை. பகலில் நான் பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தைகளைப் பார்க்கிற வேலைக்குப் போகிறபோது பக்கத்துக் காளியாயி சின்னம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கே கால் வீங்கிக் கிடக்கிறது. அவளை நம்பிப் போக முடியாது.

ஜீவராணி


கொட்டாஞ்சேனை
24.05.2024

அன்பு அக்கா,

செல்லசாமி மாமா போய்விட்டாரா? சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டிய மாமா. செய்தியைப் படித்ததும் பிரஸ் என்றும் பாராமல் அழுதேன். டினேஷும் அழுதான். அவனுக்கு மாமாவைத் தெரியாது, இருந்தும் அழுதான்.

என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன். பெரிய ஃபிளெக்ஸில் ‘கண்ணீர் அஞ்சலி’ ஒன்று அடித்து இன்றைய ராகலை பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். மாமாவின் படம், சுற்றிலும் மல்லிகைப் பூ, கீழே என் கவிதை. எட்டுப் பேர் தூக்கிய பாரத்தை ஒற்றை இதயத்தால் தூக்குகிறேன் என்று முடியும். லயத்து முகப்பில் கட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் குழி வெட்டியதை நினைத்தால் தாங்க முடியவில்லை. அந்தக் கைகளைப் பிடித்து முத்தமிட வேண்டும் போலிருக்கிறது.

அப்பாவுக்கு என் அன்பு முத்தங்கள்.

கலங்கும்,
நிரோஷன்


மேற்பிரிவு லயம்
09.06.2024

நிரோஷனுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கண்ணீர் அஞ்சலி வந்தது. எட்டாம் நாள் சடங்கும் முடிந்த பிறகு வந்தது. மாமாவின் பிள்ளைகள் ரெண்டு நாள் கட்டி வைத்தார்கள். காற்று பிய்த்துவிட்டது. இப்போது அது நம் வீட்டு விறகுக்கு மேலே கிடக்கிறது. மழைக்கு நல்ல மறைப்பு. உன் எழுத்தால் இந்த வீட்டுக்கு இதுவரை கிடைத்த பிரயோசனம் அதுதான்.

கையைப் பிடித்து முத்தமிட வேண்டும் என்று எழுதுகிறாய். செப்டம்பரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேலும் கீழுமாகத் தேடிப் பார்த்தேன்.

உனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பதினாறு வயதில் காமன் கூத்தில் பெண் வேஷம் கட்டி ஒப்பாரி வைத்தாய். லயமே அழுதது. வீட்டுக்கு வீடு கூப்பிட்டுப் பலகாரம் கொடுத்தார்கள். வேஷத்தை அன்றைக்குக் கலைத்திருக்க வேண்டும். நீ கலைக்கவில்லை. உன் ஏழு இளவரசர்களுக்கும் அதே சேலையைத்தான் கட்டி விட்டிருக்கிறாய்.

அம்மா செத்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? குழிமேட்டில் நீ மயங்கி விழுந்தாய். மண் தள்ள நின்ற ஆட்களில் பாதிப்பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஓடினார்கள். சோடா உடைத்தார்கள், விசிறினார்கள். மீனம்மா மகன் தாய்ப்பாசத்தில் செத்துப் போயிருப்பான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். மீதி மண்ணைத் தள்ள ஆள் போதாமல் அப்பா தானே மம்பட்டி பிடித்தார். பெண்சாதியின் குழியை அவரே மூடினார். பக்கத்தில் நின்று கையால் மண்ணை அள்ளிப் போட்டது நான். மூன்றாம் நாள் நீ பஸ் ஏறிவிட்டாய், ‘என்னால் இந்த வீட்டைப் பார்க்க முடியவில்லை’ என்று. எங்களால் மட்டும் முடிந்ததா?

வருவாயா, மாட்டாயா? எழுது.

ஜீவராணி


கொட்டாஞ்சேனை
20.06.2024

அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள். கல்லுக்கு என்ன வரப்போகிறது?

இத்தனை நாள் பொறுத்தேன். இனி நானும் சொல்கிறேன். அம்மா போனபோது நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. லயத்துப் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். ‘பெத்தவளுக்கு அழாத பொண்ணு’ என்று என் காதுபடவே பேசினார்கள். நான் யாரிடமும் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. நான் அழுதது வேஷம் என்றால் நீங்கள் அழாமல் நின்றது என்ன? அம்மா மேல் உங்களுக்குப் பாசம் இருந்ததா என்றே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

என் புத்தகம் உங்களுக்குப் பிடிக்காததற்குக் காரணம் இப்போது விளங்குகிறது. மனசுள்ளவர்களுக்காக எழுதியதை உங்களுக்கு அனுப்பியது என் பிழை. முதல் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

டீச்சராகப் போகிறீர்கள். அந்தப் பிள்ளைகள் பாவம்.

நிரோஷன்


மேற்பிரிவு லயம்
11.08.2024

நிரோஷனுக்கு,

உன் கடிதம் ஜூன் மாதமே வந்தது.

முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

காளியாயி சின்னம்மா இப்போது எழும்புவதில்லை. அப்பாவைப் பார்க்க நான் வேலையை விட்டுவிட்டேன். கல்லூரிக்கு வரமுடியாது என்று எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் முப்பதாம் தேதி பின்னேரம் ராகலைத் தபால்கந்தோர் மூடுவதற்கு முன் அதைப் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு நீ எப்போது வந்தாலும் ஒன்றுதான்.

அப்பா கதையின் முடிவைக் கேட்கிறார். கடைசி ஆற்றோடு நிறுத்திவிட்டேன். “ராசா இன்னும் உள்ளதான் கெடக்குறாரா?” என்று தினமும் கேட்கிறார். ஆமாம் என்கிறேன். அதற்கு மேல் வாசிக்க எனக்கு மனசு வரவில்லை. இருந்தால் அல்லவா வர, நீதான் எழுதிவிட்டாயே.

ஜீவராணி


கொட்டாஞ்சேனை
19.08.2024

அக்கா,

அந்தத் தபாலைப் போட வேண்டாம். வருகிறேன்.

நிரோஷன்


மேற்பிரிவு லயம், ராகலை
17.09.2024

அக்காவுக்கு,

அப்பா இருக்கிறார். முதுகுப் புண் காய்ந்து வருகிறது. நீங்கள் சொன்னபடி ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டுகிறேன். முதல் நாள் கழுவிவிட்டபோது வெந்நீர் சூடு கூடிவிட்டது. “என்னா, உசுரோட அவிக்கப் போறியா?” என்று கத்தினார். இப்போது முதலில் என் கையில் ஊற்றிப் பார்க்கிறேன். தூக்கும்போது ஒவ்வொரு தடவையும் “ஒங்கக்கா இப்படித் தூக்கமாட்டா” என்கிறார். உங்களைப் போல எப்படித் தூக்குவது என்று எழுதுங்கள்.

பிரஸ்ஸில் கணக்கு முடித்துவிட்டேன். ராகலை டவுனில் போட்டோக்கொப்பிக் கடையில் அரைநாள் வேலை. அந்த நேரம் எதிர் லயத்துச் சுதர்ஷினி வந்து இருக்கிறாள்.

கடைசி அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார். மாற்றி வாசிக்கலாமா என்று யோசித்தேன், முடியவில்லை. பிள்ளைகள் வழியில் நின்றதால் ராசா செத்துவிட்டார் என்றே சொன்னேன். “கேணப் பயலுக” என்றார். அப்புறம் தேத்தண்ணி கேட்டார்.

வியாழக்கிழமை காளியாயி சின்னம்மா தவறிவிட்டாள். தலைவர் வந்து நம் வாசலில் நின்றார். “ஒங்க வீட்டுலருந்து யாரு, அக்காவா?” என்று கேட்டார். அவர் நக்கலாகக் கேட்டாரா, தெரியவில்லை. மம்பட்டியை எடுத்தேன். பிடியில் உங்கள் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. அது இருந்தும் என் கை கொப்பளித்துவிட்டது. அழுதேன் அக்கா, பொய் சொல்லமாட்டேன். சின்னம்மா எனக்குச் சோறு ஊட்டினவள். ஆனால் வெட்டிக்கொண்டே அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை, அவர்களும் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொன்று. சொல்லலாமா என்று இத்தனை நாள் யோசித்தேன். நீங்கள் புறப்பட்ட அன்று அப்பா உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, “சரி சரி, பஸ்ஸு போயிரும்” என்று விரட்டினார் அல்லவா? பஸ் வளைவில் ஹாரன் அடித்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அழுதார். போர்வையைக் கடித்துக்கொண்டு, வெகுநேரம். நம் அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. பழைய நிரோஷனாக இருந்தால் பக்கத்தில் விழுந்து அவரை விடப் பெரிதாக அழுதிருப்பேன். நான் பக்கத்தில் போகவில்லை. வெளியே வந்து அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தேன். விறகு நனையாமல் இருந்தது. முகம் துடைத்துவிட்டேன்.

ஜூன் மாதம் எழுதியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

தம்பி,
நிரோஷன்


பயிற்சிக் கல்லூரி விடுதி
26.09.2024

தம்பி நிரோஷனுக்கு,

சுகம். இங்கே சாப்பாடு மோசம், படிப்பு பரவாயில்லை.

உன் கடிதங்களில் வாசிக்கக்கூடியதாக வந்தது இது ஒன்றுதான். அதிலும் குழி எவ்வளவு ஆழம் என்று எழுதவில்லை. இடுப்பளவோடு நிறுத்தியிருந்தால் போதாது, மழைக்கு மண் இறங்கும். போய்ப் பார்த்து மண் போடு.

அப்பாவைத் தூக்கும்போது கையை அக்குளுக்குள் கொடுக்காதே, வலிக்கும். உன் கழுத்தை அவர் பிடித்துக்கொள்ளட்டும். அவர் தானாக எழும்புகிற மாதிரி நீ எழும்ப வேண்டும். தூக்குகிறோம் என்பது அவருக்குத் தெரியக்கூடாது.

ஜூன் மாதக் கடிதத்துக்கு இப்போது மன்னிப்பு இல்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அப்பா அழுத பக்கத்தை ஒரு தடவைதான் வாசித்தேன். மறுபடி வாசிக்க முடியவில்லை. விடுதிப் பிள்ளைகள் சுற்றிலும் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்குப் போன் எடு. நான் எடுப்பேன். போனை அப்பாவின் காதில் வை. என் பக்கமிருந்து பேச்சு ஒன்றும் வராவிட்டாலும் வைத்துவிடாதே.

அக்கா,
ஜீவராணி